மூன்றாம் தடவைக்கு ஒரு சுத்தியல்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை, வேனுக்கு ஓட்டம் இல்லை, படுத்தால் சாயங்காலம் வரை தூங்கலாம். மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் சாளைமீன் குழம்பும் தின்றுவிட்டுப் பாயை விரித்தேன். மேல்வரிசையில் இடது பக்கம், கோரைப் பல்லுக்கு முன்னால், எனக்கு ஒரு பல் இல்லை. அந்த ஓட்டைக்குள் ஒரு மீன்முள் போய்க் குத்திக்கொண்டு நின்றது. நாக்கால் தள்ளினேன், வரவில்லை. விரலால் தோண்டினேன், ரத்தம்தான் வந்தது. தூக்கம் போய்விட்டது. சரி, முள் ஒரு பக்கம் குத்தட்டும், நாம் ஒரு பக்கம் எழுதுவோம் என்று பழைய டிரிப் நோட்டைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்து உட்கார்ந்தேன்.

அந்தப் பல் எப்படிப் போயிற்று என்று கேட்பவர்களுக்கு ஆளுக்கொரு கதை சொல்லி வைத்திருக்கிறேன். பெண் பார்க்கப் போன வீட்டில் பந்து விளையாட்டில் போனது என்றேன். கோயிலில் கேட்ட பெரியவரிடம் தேங்காய் விழுந்தது என்றேன். தலையில் படாமல் பல்லில் மட்டும் எப்படிப் பட்டது என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. கருங்கல் சந்திப்பில் வேனை மறித்த ஒரு போலீஸ்காரரிடம் மட்டும்தான் உண்மையைச் சொன்னேன். பல் டாக்டர் ஒருவர் கைமுட்டியால் எடுத்தார் என்றேன். அவர் என்னை ஊதிக் காட்டச் சொன்னார்.

அந்த டாக்டர் என் கூட்டுக்காரன். ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. அவன் கரும்பலகையைப் பார்த்து எழுதுவான், நான் அவனைப் பார்த்து எழுதுவேன். மறைத்தால் ஸ்கேலால் அடிப்பேன். காட்டினாலும் அடிப்பேன், அது நன்றிக்கு. காம்பஸ் முள்ளால் அவன் தொடையில் குத்தியது எத்தனை தடவை என்று எனக்கும் தெரியாது, அவன் தொடைக்குத் தெரிந்திருக்கும். பத்து வருடத்தில் அவன் ஒரு அடி திருப்பி அடித்ததில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி எழுதுவான். எனக்கு அதில்தான் கோபம் வரும். அடித்தால் அடிக்க வேண்டாமா மனுஷன்?

பத்தாம் வகுப்புப் பரீட்சை எங்களைப் பிரித்துவிட்டது. அவன் மேலே போனான். நான் மூன்று பாடத்தில் போனேன். அவன் பல் டாக்டருக்குப் படிக்கச் சேர்ந்த அதே காலத்தில் நான் லைசென்ஸ் எடுத்து, கடற்கரையிலிருந்து கருங்கல் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோகும் வேனுக்கு டிரைவரானேன். அவன் வெள்ளைக் கோட்டுப் போட்டு பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது, "லேய், பல்லுபிடுங்கி" என்று கூப்பிட்டு, ஆரனை அழுத்திக்கொண்டே போவேன். வேனுக்குள் பத்தொன்பது பிள்ளைகளும் சேர்ந்து கத்தும். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பான்.

அவனுக்குக் கடைசி வருடம். ஒரு சாயங்காலம் வேன் நிறுத்துகிற இடத்துக்கு அவனே தேடி வந்தான். கையில் ஒரு தடித்த புத்தகம். அவர்கள் படிப்பில் ஒவ்வொரு பிரிவுக்கும் இப்படி ஒரு ரெக்கார்டு உண்டு. குழந்தைகள் பிரிவுக்கு, இத்தனை பால் பல் எடுக்க வேண்டும், இத்தனை அடைக்க வேண்டும் என்று கட்டம் கட்டமாகப் போட்டிருக்கும். கட்டத்துக்குக் கட்டம் சார் கையெழுத்துப் போட வேண்டும். பதினான்கு வயதைத் தாண்டியவன் வாயில் என்ன செய்தாலும் அந்தப் புத்தகத்தில் ஏறாது. மொத்தத்துக்கும் பெயர் கோட்டா.

"எல்லாம் முடிஞ்சுது மக்கா. ஒண்ணே ஒண்ணு கெடக்கு" என்றான்.

"என்னது?"

"பிள்ளைக்க பால் பல்லுல வேர் வரைக்கும் சுத்தம் பண்ணணும். ரெண்டாம் தடவ மருந்து வச்சு அடைக்கணும். மூணாம் தடவ மேல ஸ்டீல் தொப்பி போடணும். ஒரே பிள்ள மூணு தடவ வரணும்."

"கொண்டு வா, போடு."

"ரெண்டு பிள்ளைகளக் கொண்டு வந்தேன். மொத தடவையிலேயே வலி போயிருது. வலி போனா பிள்ளையும் போயிரும். வீட்டுக்குப் போயி கூப்பிட்டா அம்மைமாரு கதவ அடைக்காவ."

"பால் பல்லு எப்படியும் விழும். விழப்போறவனுக்கு எதுக்குலே தொப்பி?"

"அது விழுற நாள் வரைக்கும் எடத்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். இல்லேன்னா அடுத்தாப்புல வாற பல்லு கோணலா மொளைக்கும்."

"உனக்கு எல்லாப் பல்லும் நேராத்தான் இருக்கு. நீ கோணலாத்தானே மொளச்ச."

அவன் சிரிக்கவில்லை. மாசக் கடைசிச் சனிக்கிழமை ரெக்கார்டு வைக்க வேண்டும். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள், ஆறு மாதம் பின்னால் போய்விடும். ஆறு மாதம்தானே, நான் பத்தாம் வகுப்பையே இன்னும் முடிக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் அப்பாவைப் பற்றிச் சொன்னான். அவர் மஸ்கட்டில் கொத்தனார். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவைதான் லீவு. மகன் டாக்டராகிற நேரம் பார்த்து லீவு எழுதிக் கொடுத்துவிட்டாராம். கேம்ப் ரூமில் கூடப் படுக்கிறவர்களிடமெல்லாம் சொல்லியும் ஆகிவிட்டதாம்.

"உனக்க வேன்ல பத்தொம்பது பிள்ளைகள் உண்டுல்லா?" என்றான்.

மறுநாள் காலையில் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளை இறக்குமுன் வரிசையாக வாயைத் திறக்கச் சொல்லி, செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். நான் பார்த்த வாயில் பாதிக்கு மேல் கறுப்பு. அதற்குக் காரணம் யார் என்று சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. என் வேனுக்குள் தினமும் அடிதடி. ஜன்னல் ஓர இடத்துக்கு அடி, பை வைக்க அடி, ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை என்பதற்கு அடி. நான் வண்டியை ஓட்டுவேனா, விலக்கப் போவேனா? அதனால் ஒரு சட்டம் போட்டிருந்தேன். அடி வாங்கி அழாதவனுக்கு ஒரு ஆரஞ்சு மிட்டாய். அதன் பிறகு வேனுக்குள் அழுகைச் சத்தமே இல்லை, அடிச் சத்தம் மட்டும்தான். மிட்டாய்க்காகவே போய் வம்பிழுத்து அடி வாங்குகிறவர்களும் உண்டு.

அதிக மிட்டாய் வாங்கியவள் இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி. கடற்கரையில் சுனாமிக் குடியிருப்பில் வீடு. அப்பா ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கி மீன் பிடிக்கிறவர், அம்மா கருங்கல் சந்தையில் மீன் விற்கிறவர். இவள் எலும்பும் தோலுமாக இருப்பாள், ஆனால் வெள்ளம் குடிக்கிற குப்பியை வாரோடு சுழற்றி அடித்தாள் என்றால் நாலாம் வகுப்புப் பையன் மூக்கில் ரத்தம் வரும். அழுது நான் பார்த்ததில்லை. கீழ்வரிசையில் இரண்டு பக்கமும் கடவாய்ப் பல்லில் குழி. இடது பக்கக் குழியில் ஒரு பயறே போட்டு வைக்கலாம்.

சந்தைக்குப் போய் அவள் அம்மாவிடம் சொன்னேன். அவர் ஒரு சூரை மீனின் தலையை வெட்டிக்கொண்டிருந்தார்.

"நோவாதுல்லா தம்பி?"

"டாக்டர் நம்ம பயல்தான் அக்கா. ஈ, எறும்பக்கூட அடிக்க மாட்டான்."

"ராத்திரி கன்னத்தப் பிடிச்சுக்கிட்டு கெடந்து என்னையக் காலால சவுட்டுதா. கேட்டா ஒண்ணுமில்லங்கா. கொண்டு போவும்" என்று சொல்லிக் கையைச் சாக்கில் துடைத்துவிட்டு, கையெழுத்துப் போட அவரும் கூட வந்தார்.

முதல் தடவை. குழந்தைகள் பிரிவின் சுவர் முழுக்க வாத்தும் முயலும் வரைந்து வைத்திருந்தார்கள். பல் குத்த வருகிற பிள்ளைக்கு எதற்கு முயல்? ஊசியைக் கண்டதும் அவள் முழங்காலால் இடித்தாள். தட்டு பறந்தது. சாமான்களெல்லாம் தரையில் சிதறிக் கிலுங்கின. என் கூட்டுக்காரன் விரலை உள்ளே விட்டான், கையுறையோடு சேர்த்துக் கடித்தாள். விட மாட்டேன் என்கிறாள். அவன் கத்தவும் இல்லை, உதறவும் இல்லை. பத்து வருடம் என்னிடம் எடுத்த பயிற்சி. அம்மா ஓடி வந்து முதுகில் இரண்டு போட்டார். கடி இன்னும் இறுகியது. நான் காலைப் பிடிக்கப் போனேன், நெஞ்சில் ஒரு மிதி கிடைத்தது.

அப்போது சார் வந்தார். குழந்தைகள் பிரிவுக்குப் பெரியவர். சட்டைப் பையில் பேனா, முகத்தில் ஒன்றும் கிடையாது. அம்மாவை வெளியே போகச் சொன்னார். கூட்டுக்காரனைப் பார்த்து, "பல்லுக்கு மட்டுமில்ல, பிள்ளைய அடக்குறதுக்கும் மார்க் உண்டு" என்றார். என்னைப் பார்த்து, "நீ யாரு?" என்றார்.

"வேன் சார்."

"காலை நல்லாப் பிடி."

பிடித்தேன். எப்படியோ ஊசி ஏறியது, பல் திறந்தது, உள்ளிருந்த அழுக்கு வந்தது, மருந்து வைத்தான். முதல் கையெழுத்து விழுந்தது. வெளியே வந்ததும் கூட்டுக்காரன் கையுறையைக் கழற்றினான். நடுவிரலில் நாலு பல் பதிந்து, இரண்டு இடத்தில் தோல் கிழிந்திருந்தது.

"அவளுக்கு வரிசை நேராத்தான் மொளச்சிருக்கு மக்கா, பாரு" என்றேன்.

அவனுக்கு என்னை அடிக்கத் தோன்றியிருக்க வேண்டும். அடிக்கவில்லை. "அவளுக்கு இனி முட்டாய் குடுக்காத" என்று மட்டும் சொன்னான்.

அடுத்த வாரம் இரண்டாம் தடவை. வலி போய்விட்டதால் வரமாட்டாள் என்று நினைத்தோம். அவள் அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்ததுதான் தாமதம், கத்த ஆரம்பித்தாள். அழுகை இல்லை, வெறும் கத்தல். பக்கத்து நாற்காலிகளில் இருந்த பிள்ளைகளும் சேர்ந்துகொண்டன. சார் வந்து நின்றார். "வாயப் பொத்து" என்றார். கூட்டுக்காரனுக்குப் புரியவில்லையா, புரியாதது போல நின்றானா தெரியாது. "பழைய முறைதான். வாயில கைய வச்சு அமுக்கு. காதுல பையச் சொல்லு, கத்துறத நிறுத்துனா கைய எடுப்பேன்னு. மூக்க மட்டும் விட்டுரு."

அவன் உள்ளங்கையை அவள் வாயில் வைத்து அமுக்கினான். நான் காலைப் பிடித்திருந்தேன். அவன் குனிந்து அவள் காதில் சார் சொன்னதையே சொன்னான். அவள் கண் இரண்டும் அவன் கைக்கு மேலாக என்னைப் பார்த்தன. வேனில் எத்தனையோ அடிதடி பார்த்திருக்கிறேன், அந்த மாதிரிக் கண்ணைப் பார்த்ததில்லை. காலில் இருந்த உதறல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, பிறகு நின்றே போயிற்று. நான் பிடித்திருந்தது ஒரு பிள்ளையின் கால் போலவே இல்லை, சாக்கில் போட்ட விறகு போல இருந்தது.

கையை எடுத்தான். அதன் பிறகு அவள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தாள். வேரை அடைத்தான். இரண்டாம் கையெழுத்து. எழுந்தபோது அவளிடம், "அந்தப் பல்லுக்கு இனி நோவே தெரியாது மக்களே. அடுத்த வெள்ளிக்கிழம தொப்பி போட்டா முடிஞ்சுது. ஊசி கெடயாது. அஞ்சு நிமிஷம்" என்றான். அவள் சுவரில் இருந்த முயலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வராந்தாவில் அவன் குழாயைத் திறந்துவிட்டுக் கையைக் கழுவினான், கழுவினான், கழுவிக்கொண்டே இருந்தான். "இந்தக் கைய வெட்டிப் போடலாம்போல இருக்கு மக்கா."

"இன்னும் ஒரு கையெழுத்து கெடக்கு. அத வாங்கிட்டு வெட்டு" என்றேன்.

திரும்பிப் போகும்போது அம்மா சந்தையில் இறங்கிக்கொண்டார். அவள் மட்டும் என் பக்கத்து சீட்டில். பேச்சே இல்லை. மிட்டாயும் கொடுக்க முடியாது. எனக்கு வண்டிக்குள் சத்தம் இல்லாவிட்டால் ஓட்ட வராது. சும்மா இருந்திருக்கலாம். ஒரு ஆரன் அடித்திருக்கலாம். நான் என்ன செய்தேன் என்றால், வழக்கம்போல ஒரு கதை விட்டேன்.

"மூணாம் தடவ என்ன செய்வாவன்னு தெரியுமாட்டி?"

திரும்பிப் பார்த்தாள்.

"இரும்புத் தொப்பி. அத பல்லு மேல வச்சு, கொத்தனாரு கான்கிரீட்டுல ஆணி அடிப்பாருல்லா, அந்தச் சுத்தியல வச்சு டொம்மு டொம்முன்னு அடிப்பாவ."

ஒரு பாலம் தாண்டும் வரை விரலை வாய்க்குள் விட்டு அந்தப் பல்லைத் தடவிக்கொண்டு வந்தாள். அப்புறம் கேட்டாள். "எத்தன அடி?"

"அழுதா பத்து. அழல்லன்னா ஏழு."

தலையை ஆட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தேன். இறங்கும்போது, "ஏழுதான?" என்று மறுபடி உறுதிப்படுத்திக்கொண்டு போனாள். நான் அதை அங்கேயே மறந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை. மறுநாள் ரெக்கார்டு வைக்க வேண்டும். அன்று மத்தியானம் தொப்பிக்கு நேரம் சொல்லியிருந்தான். வேனைக் குடியிருப்பு முன்னால் நிறுத்தினேன். அவள் தனியாக நின்றாள். அம்மா விடியுமுன்னே மீன் எடுக்கத் துறைக்குப் போயிருந்தார். கன்னம் ஒரு பக்கம் வீங்கி, உதடு வெடித்து, யூனிபார்ம் காலரில் ரத்தம். ஆனால் சிரித்துக்கொண்டு நின்றாள். ஏறியதும் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து என் கையில் வைத்தாள்.

"அண்ணா, இனி சுத்தியல் வேண்டாம்."

திறந்தேன். மூன்று நாலு துண்டாகப் பல்லும், அவன் வைத்த வெள்ளை மருந்தும்.

"யாருட்டி எடுத்தா?"

"நாந்தான். அப்பாக்க குறடு வீட்டுல கெடந்துது. மீனுக்க வாயில இருந்து தூண்டில எடுக்குற மாதிரி. அமுக்கணும், திருப்பணும், இழுக்கணும்." கையால் செய்து காட்டினாள்.

"நோவல்லியா?"

"பல்லுக்கு நோவல்ல. டாக்டர் சொன்னாவல்லா, இனி அதுக்கு நோவு தெரியாதுன்னு. ஈறுதான் கிழிஞ்சுது. நான் அழல்ல." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "ஏழு அடி வாங்குறதுக்கு இது கொள்ளாம்."

மற்ற பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் தள்ளிவிட்டு, சந்தைக்குப் போய் அம்மாவை ஏற்றினேன். அவர் மகளின் வாயைத் திறந்து பார்த்தார். கையை ஓங்கினார். எங்கே அடிப்பது என்று தெரியாமல் கை அப்படியே நின்றது. கன்னம் வீங்கிக் கிடந்தது, வாய் கிழிந்து கிடந்தது. கடைசியில் தன் தலையிலேயே அடித்துக்கொண்டார். ஒரு அடி, இரண்டு அடி என்று வழி முழுக்க. நான் கண்ணாடியில் பார்க்காமல் ஓட்டினேன்.

மத்தியானத்துக்கு என்று கூட்டுக்காரன் காலையிலேயே தொப்பியெல்லாம் எடுத்து வைத்துத் தயாராக நின்றான். புதுக் கோட்டுப் போட்டிருந்தான். தீப்பெட்டியைக் கொடுத்தேன். திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான்.

சார் வந்து அவள் வாயைப் பார்த்தார். "ரெண்டு வேர்த்துண்டு உள்ள நிக்குது. எடுத்துரு."

"சார், ரெக்கார்டு..."

"எடுக்குற கட்டம் உனக்கு எப்பவோ நெறஞ்சாச்சு. தொப்பி போடப் பல்லு எங்க இருக்கு?"

அவன் கையுறை மாட்டிக்கொண்டு, நாற்காலியைத் தாழ்த்தி, அவள் கண்ணுக்கு நேராக ஸ்டூலில் உட்கார்ந்தான். யாரும் காலைப் பிடிக்க வேண்டாம் என்றான். ஒவ்வொரு சாமானாக எடுத்து அவள் கையில் கொடுத்து, இது என்ன, இதால் என்ன செய்வேன் என்று சொன்னான். இனி எனக்குக் கையெழுத்து வேண்டாம், அவசரமும் இல்லை என்பது போல மெதுவாகச் சொன்னான். அவள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"சுத்தியல் எங்க?"

"என்ன சுத்தியல்?"

"தொப்பிய அடிக்குற சுத்தியல். அழுதா பத்து, அழல்லன்னா ஏழு."

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். டப்பாவிலிருந்து ஒரு ஸ்டீல் தொப்பியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். பயறு அளவுதான் இருக்கும், மினுங்கியது. "இத விரல வச்சு அமுக்குனாப் போதும் மக்களே. அவ்வளவுதான்."

அவள் அதைச் சுண்டுவிரல் நுனியில் மாட்டிப் பார்த்தாள். கழற்றினாள், மறுபடி மாட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள். இரண்டாம் தடவை பார்த்த அதே கண். வாயைத் திறந்து கொடுத்தாள். ஊசிக்கும் அசையவில்லை, வேரைக் கிளப்பும்போதும் அசையவில்லை. சார் பக்கத்தில் நின்று முழுவதையும் பார்த்தார். ஒரு தடவை பேனாவைத் திறந்தார். அப்புறம் மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த நாற்காலிக்குப் போனார்.

அவளையும் அம்மாவையும் வேனில் ஏற்றி, பஞ்சைக் கடித்துக்கொண்டிருக்கச் சொல்லி, வாசல் டீக்கடையில் ஒரு ஐஸ் வாங்கிக் கொடுத்தான் கூட்டுக்காரன். கண்ணாடியைக் கழற்றினான். துடைக்கவில்லை. மடக்கிக் கோட்டுப் பையில் வைத்தான். அப்போதே ஓடியிருக்க வேண்டும், எனக்குத் தோன்றவில்லை.

"விளையாட்டுக்குச் சொன்னேம் மக்கா" என்றேன்.

முதல் அடி செவிட்டில் விழுந்தது. கண்ணில் பூச்சி பறந்தது. பதினைந்து வருடமாக அவன் கைக்கு இவ்வளவு எடை உண்டு என்று எனக்குத் தெரியாது. எனக்கும் பழக்கம் விடவில்லை, வயிற்றில் ஒன்று கொடுத்தேன். அவன் வெள்ளைக் கோட்டின் காலரைப் பிடித்து இழுத்ததில் பொத்தானெல்லாம் தெறித்தது. டீக்கடைத் தட்டிமேல் இரண்டு பேரும் போய் விழுந்தோம். அவன் என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தான். ஸ்கேலுக்கு ஒன்று, காம்பஸுக்கு ஒன்று, சுத்தியலுக்கு ஒன்று என்று எண்ணி அடிக்கிற மாதிரித்தான் இருந்தது. எண்ணவில்லை என்று பிறகு சொன்னான். நான் மண்ணை அள்ளி அவன் கண்ணில் போட்டேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு குத்தினான். அந்தக் குத்துதான் வாயில் விழுந்தது. உள்ளே ஏதோ பெயர்கிற சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.

வேன் ஜன்னலிலிருந்து ஒரு குரல், ஐஸை எடுத்துவிட்டு, பஞ்சோடு பேசிய குரல். "டாக்டரே, குறடு வேணுமா?"

அதைக் கேட்டதும் அவன் நிறுத்தினான். நான் ரத்தத்தைத் துப்பினேன், கூடவே பல்லும் மண்ணில் விழுந்தது. அவன் அதைப் பார்த்தான். அடுத்த நொடி அடித்தவன் போய்விட்டான், படித்தவன் வந்துவிட்டான். "தொடாத, வேர்ல கை வைக்காத" என்று கத்திக்கொண்டு டீக்கடைக்குள் ஓடினான். பல்லைப் பாலில் போட்டு வைத்து, சீக்கிரம் திருப்பி மாட்டினால் ஒட்டிக்கொள்ளுமாம். காய்ச்சாத பால் ஒரு தம்ளர் வாங்கிக்கொண்டு, அழுதுகொண்டே ஓடி வந்தான்.

அதற்குள் நான் பல்லை எடுத்து, சின்ன வயதில் பால் பல் விழுந்தால் செய்வது போல, டீக்கடைக் கூரைமேல் வீசிவிட்டேன். ஏன் வீசினேன் என்று கேட்டால் இன்றைக்கும் என்னிடம் பதில் கிடையாது. தகரத்தில் டிங் என்று ஒரு சத்தம். அவன் தம்ளரோடு நின்று கூரையைப் பார்த்தான். பிறகு அந்தப் பாலை அவனே குடித்துவிட்டுப் போனான்.

அவனைப் பரீட்சை எழுத விடவில்லை. அப்பாவின் லீவை மாற்ற முடியவில்லை. அவர் வந்தார், இரண்டு மாதம் இருந்தார், மகன் புத்தகத்தோடு போய்ப் புத்தகத்தோடு வருவதைப் பார்த்தார். தன்னைத் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் விட என் வேனைத்தான் அவர் கேட்டார். எங்களுக்குள் பேச்சில்லை என்று அவருக்குத் தெரியாது. கூட்டுக்காரன் முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். களியக்காவிளை தாண்டியதும் பின்னாலிருந்து அவர் கேட்டார்.

"ஏம் மக்கா, உனக்க பல்லு எங்க?"

"விழுந்துட்டு மாமா."

"கண்டவன்கிட்டப் போயிக் கட்டாத. நம்ம பயல் முடிக்கட்டும், அவனே கட்டித் தருவான். அடுத்த தடவ நான் வரும்போ வாசல்ல போர்டு தொங்கும் பாரு."

கூட்டுக்காரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் கியர் மாற்றினேன், மாற்ற வேண்டிய இடமே இல்லை.

அடுத்த பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவனே போன் செய்தான். அதே கட்டம், அதே பிள்ளை. அவளுக்கு வலது பக்கக் குழி பாக்கி இருந்தது. அம்மா கூட்டிக்கொண்டு வந்தாராம். அவள் ஒரு நிபந்தனை போட்டாளாம். முதலில் வேன் அண்ணன் நாற்காலியில் உட்கார வேண்டும், தனக்குச் செய்யப்போவதையெல்லாம் அவருக்குச் செய்து காட்ட வேண்டும்.

போனேன். மூன்று தடவையும் போனேன். காற்று அடித்தார்கள், வெள்ளம் அடித்தார்கள், குழாயை விட்டு எச்சிலை உறிஞ்சினார்கள். என் வாயில் ஊசியை மட்டும் கூட்டுக்காரன் காட்டிவிட்டு, குத்தாமல் விட்டான். மூன்றாம் தடவை அவள் பள்ளிக்கூடப் பையோடு வந்தாள். நான் நாற்காலியில் சாய்ந்ததும் பைக்குள்ளிருந்து தன் அப்பாவின் சுத்தியலை எடுத்தாள்.

"அண்ணா, அழுதா பத்து" என்றாள்.

சார் பார்த்துக்கொண்டுதான் நின்றார், தடுக்கவில்லை. வலது முழங்காலில் ஏழு. டொம்மு டொம்மு என்றுதான் அடித்தாள், ஓங்கித்தான் அடித்தாள். ஐந்தாவது அடியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் குனிந்து கண்ணைப் பார்த்தாள், அழுகையா இல்லையா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள், ஏழோடு விட்டாள். பிறகு தானே ஏறி உட்கார்ந்து வாயைத் திறந்தாள். கூட்டுக்காரன் தொப்பியை வைத்து விரலால் அமுக்கினான். சார் பேனாவை எடுத்தார். நான் நொண்டிக்கொண்டு வேனுக்குப் போனேன்.

இவ்வளவையும் எழுதி முடித்தபோது மணி ஐந்து. முள் இன்னும் வரவில்லை. கூட்டுக்காரனுக்குப் போன் போட்டேன். இப்போது அவன் ஆஸ்பத்திரி வாசலில் போர்டு தொங்குகிறது, அவன் அப்பா அதன் கீழே நின்று எடுத்த போட்டோவும் உள்ளே தொங்குகிறது.

"மக்கா, நம்ம கதைய எழுதிட்டேன்" என்றேன். "ஒண்ணு சொல்லட்டா? நீ எடுத்த பல்லுகள்லயே ஊசி போடாம, ஒரே குத்துல, வேரோட எடுத்தது எனக்கதுதான். அத ரெக்கார்டுல எழுதி வச்சிருந்தா அந்தத் தடவையே உன்ன பரீட்சைக்கு விட்டிருப்பாவ."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்திருப்பான். பிறகு சொன்னான்.

"சார் கையெழுத்து போட்டிருக்க மாட்டாருலே, உனக்கு வயசு பதினாலு தாண்டியிருந்துது."